ஒன்றாம் நம்பர் பொத்தான்

எங்கள் சிப்பித் தெருவுக்குப் பொறாமையை யாரும் வெளியூரிலிருந்து கொண்டுவரவில்லை, தெரு என்றைக்குப் போடப்பட்டதோ அன்றைக்கே அதுவும் கூடவே வந்துவிட்டது. தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, மாதா கோயில் மணியடித்தால் சோற்றுப்பானை மூடி அதிரும் தூரத்தில், நாற்பத்தொரு வீடுகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன, ஒரு வீட்டில் ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தால் மறுவாரம் பத்து வீட்டில் பெயின்ட் வாசம் வரும், ஒரு வீட்டில் பாயாசம் வைத்தால் பக்கத்து வீட்டில் பிள்ளைக்குக் காரணமில்லாமல் அடி விழும். அந்தத் தெருவில்தான் போன வருஷம் மே மாதம் கஸ்பார் மொத்தா, இருபத்தாறு வருஷக் கப்பல் வேலையை முடித்துக்கொண்டு, இனிமேல் திரும்பிப் போகப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டு, இரண்டு பெட்டியோடும் ஒரு ரேடியோவோடும் வந்து இறங்கினார்.

அவர் மனைவி பிரகாசி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது என்றாலும், அவர் வீட்டிலிருந்த நாட்களை மட்டும் சேர்த்தால் நாலு வருஷம்கூடத் தேறாது. மற்ற நாளெல்லாம் அவள் காலண்டரில் தேதியைக் கிழித்துக்கொண்டு, கப்பல் வர இன்னும் நூற்றுப் பன்னிரண்டு நாள், இன்னும் நூற்றுப் பதினொரு நாள் என்று அடுப்படியில் நின்று எண்ணிக்கொண்டு, அவர் வந்தால் சொல்ல வேண்டும் என்று நினைத்ததை எல்லாம், மாடித் தொட்டி விரிசல் விட்டது முதல் அவளுடைய அம்மா சாகும்போது கடைசியாக யாரைத் தேடினாள் என்பது வரை, ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். இனிமேல் அவுக எனக்கு மட்டுந்தான், ஒரு கடலுக்கும் கிடையாது என்று அவள் பக்கத்து வீட்டு பிலோமியிடம் சொன்னதை நானே என் காதால் கேட்டேன். அதற்கு ஒன்பதாவது நாள் கஸ்பார் அந்த ரேடியோவைப் பிரித்தார்.

அது இன்டர்நெட் ரேடியோ. ஏரியல் கிடையாது, வீட்டு வைஃபையை வைத்துக்கொண்டே உலகத்து நிலையத்தையெல்லாம் பிடிக்கும். பாடுவதற்கு ஒரு மரப்பெட்டி, திருப்புவதற்கு இரண்டு திருகு, பிடித்த நிலையத்தைச் சேர்த்துவைக்கப் பத்துப் பொத்தான், நடுவில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு திரை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார், பிரகாசி பக்கத்தில் நின்று பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொன்னாள், அவர் திருகைச் சுற்றிச் சுற்றி எழுத்து எழுத்தாகப் பிடித்தார், ஒன்று தாண்டிப்போனால் மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும், “நிப்பாட்டுங்க, தாண்டிப் போயிருச்சு பாருங்க” என்று அவள் சிரிக்க, “நீ மெதுவா சொல்லு” என்று அவர் சிரிக்க, முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. அவர் ஊருக்கு வந்து இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். அது முடியவே கூடாது என்று இருந்தது பிரகாசிக்கு.

முடிந்தது. அடுத்ததாகப் பெட்டி, நீ இருக்குமிடம் எது என்று கேட்டது. வேறு யாராக இருந்தாலும் இந்தியா, தூத்துக்குடி என்று போட்டு எழுந்து போயிருப்பார்கள். ஆனால் கஸ்பார் கப்பலில் சுக்கான் பிடித்த மனிதர், இருக்குமிடம் எது என்று கேட்டால் ஊர்ப் பேர் சொல்வது அவர் தொழிலில் கிடையாது. வடக்கே எட்டு டிகிரி, நாற்பத்தெட்டு நிமிஷம், இத்தனை செகண்ட், கிழக்கே எழுபத்தெட்டு டிகிரி, இத்தனை நிமிஷம், இத்தனை செகண்ட் என்று செல்போனைப் பார்த்துப் பார்த்து, செகண்டுக்கும் பின்னால் புள்ளி வைத்து, அதற்கும் பின்னால் இரண்டு இலக்கம் வரை துல்லியமாகப் போட்டார். பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. இவ்வளவு கறாராகச் சொல்லுகிற மனிதருக்கு நாமும் கறாராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்ததோ என்னவோ, பக்கத்து நிலையங்கள் என்ற இடத்தில் மதுரையையும் நெல்லையையும் காட்டாமல், எங்கள் தெருவைக் காட்டியது. நாற்பது பேர், வரிசையாக, நல்ல தமிழில்.

முதல் பெயர் பிலோமி. கஸ்பார் திருகை அமுக்கினார். “அருள் நிறைந்த மரியே வாழ்க, புளி இன்னும் கரைக்கல, கர்த்தர் உம்முடனே, அந்தப் பூனை எங்க போச்சு” என்று பிலோமியின் குரல் வந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் பிலோமி வாயைத் திறக்காமல் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் அண்ணி முறைக்காரி எல்லாம் மைனிதான். “மைனி, உங்க மனசு ரேடியோவுல வருது” என்று பிரகாசி சுவருக்கு மேலே எட்டிச் சொல்ல, பிலோமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து வேறு நாலு வீட்டைக் கேட்டுவிட்டு, நல்ல தெளிவாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு ஒரு நிலையம். அந்த வீட்டில் யார் அடுப்பைப் பற்றவைக்கிறார்களோ அவர் பெயரில்தான் நிலையம், வேலை செய்யும்போது வாய்க்கு வராமல் மனசுக்குள் என்ன ஓடுகிறதோ அதுதான் நிகழ்ச்சி. பெயருக்குக் கீழே, எத்தனை பேர் இப்போது கேட்கிறார்கள் என்று ஒரு எண். தன் வீட்டு நிலையம் மட்டும் தன் வீட்டில் வராது, அதனால்தான் நாற்பத்தொன்றுக்கு நாற்பது. அடுப்புக் கணக்கு என்பதால் ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நிலையமே இல்லை, அவர்களுக்கு அதில் வருத்தம்; மூன்று வீட்டில் மட்டும் ஆண் பெயர் வந்தது, அதில் ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற கொரைரா அண்ணன், அவர்தான் தினமும் தோசை சுடுகிறார் என்பது அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது.

முதல் மூன்று நாள் தெருவில் ஒரு பொம்பளையும் எதையும் நினைக்கவில்லை. நினைக்காமல் சமைத்ததில் குழம்பில் உப்புக் கூடியது, சோறு குழைந்தது. நாலாம் நாள், எத்தனை நாளைக்குத்தான் மனசைப் பொத்திப் பிடிப்பது என்று அலுத்துப்போய் எல்லோரும் விட்டுவிட்டார்கள், விட்ட பிறகு பார்த்தால், நினைத்தது எல்லாம் வந்தும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் எல்லார் மனசிலும் ஓடியது ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பிறகு வேறு வியாதி பிடித்தது. பிலோமிக்குப் பதினேழு பேர் கேக்காவ, எனக்கு ஏன் ஆறு பேர்? ஒரு மாதத்துக்குள் கனடாவிலிருந்தும் தோஹாவிலிருந்தும் பிள்ளைகள் ஆளுக்கொரு ரேடியோ அனுப்பிவைத்தார்கள், வீட்டு வீடாகப் போய் அதே டிகிரி, அதே நிமிஷம் போட்டுக் கொடுத்தவர் கஸ்பார். குழாயடியில் குடத்தை வைத்ததும் முதல் பேச்சு எண்ணிக்கைதான். ஒருத்தி நல்ல நினைப்பு வர வேண்டும் என்பதற்காகப் பழைய கோயில் பாட்டுப் புத்தகத்தை அடுப்படியில் தொங்கவிட்டாள். ஒருத்தி, மருமகள் நிலையத்துக்கு ஆள் கூடிவிடக் கூடாது என்று, முட்டி வலியோடு தானே எழுந்து அடுப்புப் பற்றவைக்க ஆரம்பித்தாள். மாதா கோயில் பங்குச் சாமியின் சமையல்காரர் இருதயம், சாமி சாப்பிடும்போது சொல்லிப் பார்க்கிற பிரசங்கத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே பாத்திரம் கழுவியதால், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் சனிக்கிழமை மத்தியானமே தெருவுக்குத் தெரிந்தது, சாமிக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணத் தரகர்கள் பெண் பார்க்க வந்தால், ஸ்டேஷன் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் காப்பியைக் கையில் எடுத்தார்கள்.

பிரகாசியின் நிலையத்தை நாங்கள் எல்லோரும் ஒரு தடவை பிடித்துப் பார்த்தோம். நூற்று நாலு, நூற்று மூணு, நூற்று ரெண்டு என்று ஒரே எண்ணிக்கை. புருஷன் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், இவள் மனசு இன்னும் கப்பல் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது, அதற்கு நிறுத்தத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு நான் மாற்றினேன். எல்லாரும் அப்படித்தான் மாற்றினார்கள், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் திருகைக் கொண்டுபோகவில்லை.

தெருவிலேயே அதிகம் பேர் கேட்ட நிலையத்தின் பெயர் அமலோற்பவம். யார் இந்த அமலோற்பவம் என்று இரண்டு நாள் எங்களுக்குத் தெரியவில்லை. பிறகுதான், பிரகாசி வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் தனியாக இருக்கிற ஜெராக்ஸ் அக்கா என்று கண்டுபிடித்தோம். ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள், வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, தாய் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம், மிஷினுக்கு முன்னால் நின்று நின்று தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அவள் மனசில் வார்த்தையே கிடையாது, ஒரு முனகல், ராகம் என்றும் சொல்ல முடியாது, காலையில் அடுப்படியில் தொடங்கினால் கடைக்குப் போனாலும் நிற்காது, எங்கே ஏறும் எங்கே இறங்கும் என்று தெரியாமல் போய்க்கொண்டே இருக்கும், அதைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தால் கண் எரியாது. தெருவில் முப்பத்தெட்டு வீடு அதைக் கேட்டது. மறுநாள் குழாயடியில் அவள் வந்தால், “தள்ளுங்க ஜெராக்ஸ் அக்கா” என்று எப்போதும்போல் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனோம்.

கஸ்பார் அந்த நிலையத்தை ஒன்றாம் நம்பர் பொத்தானில் சேர்த்தார். காலையில் எழுந்தால் பல் விளக்குவதற்கு முன் ஒன்றாம் நம்பர், சாப்பிட்டால் ஒன்றாம் நம்பர், மத்தியானம் நாற்காலியில் சாய்ந்தால் காதுக்குப் பக்கத்தில் ஒன்றாம் நம்பர். பிரகாசி மாடித் தொட்டி விரிசலிலிருந்து ஆரம்பிப்பாள்.

“இங்கேருங்க, நீங்க அந்த பிரேசில் கப்பல்ல போயிருந்தீயல்லா, அப்ப ஒரு மழை பேஞ்சிது...”

“ம்” என்பார்.

“கேக்கீயளா?”

“ஒரு நிமிஷம் இரு. இப்ப ஒரு எறக்கம் வரும்.”

திரையில் அந்தப் பெயர் நாள் முழுக்க வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது, அவள் கூட்டினாலும் தெரியும், துடைத்தாலும் தெரியும், அவள் வீட்டு மேசையில், அவள் புருஷன் முகத்துக்கு நேராக. வயிறு எரிந்தது பிரகாசிக்கு, அதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய். கடல்காரி ஒருத்தி துறைமுகத்தில் அவரைப் பிடித்துவைத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது, அது கண்ணுக்குத் தெரியாத சங்கதி. இது எதிர்வீடு, அழைப்புமணி வேலை செய்யாத, வாசலில் ஒரு செம்பருத்தி மட்டும் நிற்கிற எதிர்வீடு. அவர் குளிக்கப் போன நேரத்தில் ஒன்றாம் நம்பரில் கோயில் பாட்டு நிலையத்தைப் போட்டு அமுக்கிப் பிடித்துச் சேர்த்தாள். வந்தவர் பழையபடி மாற்றினார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளிடம் கேட்டு வைஃபை பாஸ்வேர்டை மாற்றினாள், அவர் அதே மகளுக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டார். இனி ஒளித்துப் பயனில்லை என்று நேராகவே கேட்டாள்.

“அவட்ட அப்படி என்ன இருக்கு?”

“யார்ட்ட?”

“அமலோற்பவத்துட்ட.”

அவர் ரேடியோவைப் பார்த்தார், பெயரைப் படித்தார். “அவட்ட என்ன இருக்கு? நங்கூரம் போட்டு இஞ்சினை நிப்பாட்டுவோம்லா, அப்ப காது ஒரு மாதிரி லேசாகும். அது மாதிரி இருக்கு. அவ்வளவுதான், போ.”

இருபத்தாறு வருஷம் எண்ணியவளுக்கு இந்தப் பதில் போதுமா? அன்றிலிருந்து அவள் மனசில் எண்ணிக்கை நின்றுபோனது, அதற்குப் பதிலாக அந்தப் பெயர் ஓட ஆரம்பித்தது. எரிச்சலுக்குச் சுருக்கிக் கூப்பிடத் தெரியாது, ஜெராக்ஸ் என்றால் அது ஒரு கடை, அவளை வைய வேண்டுமென்றால் முழுப் பெயர் வேண்டும். அமலோற்பவம், உனக்குக் காய்ச்சல் வராதா, அமலோற்பவம், உன் மிஷின்ல பேப்பர் சிக்காதா, அமலோற்பவம், நீல சேலை உனக்கு நல்லாவா இருக்கு, அமலோற்பவம், கழுத்தை ஏன் அப்படிச் சாய்க்க, வலிக்குதா, வலிக்கட்டும், என்று காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைப்பதிலிருந்து சாயந்தரம் விளக்கேற்றும் வரை ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. எதிர்வீட்டுக் கதவு எப்போது திறக்கிறது, அவள் எந்தச் சேலையில் போகிறாள், எந்த நாளில் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகவில்லை, எல்லாம் பிரகாசிக்கு அத்துப்படி. பொறாமைக்காரிக்கு மேல் ஒருத்தரைக் கவனிக்க ஆளில்லை என்பது எங்கள் தெருவில் பிறந்த யாருக்கும் தெரியும்.

புதன்கிழமை சாயந்தரம் பிலோமி வீட்டில் அன்பியம். தெருவுக்கு ஒன்றாக நாங்கள் வைத்திருக்கிற ஜெபக்கூட்டம் அது, ஜெபம் முடிந்ததும் தெரு வழக்குகளையும் அங்கேயேதான் பேசுவோம். சாவு வீட்டு நிலையத்தை எட்டு நாள் யாரும் பிடிக்கக் கூடாது, சண்டை போட்ட வீட்டை அன்றைக்குச் சாயந்தரம் வரை பிடிக்கக் கூடாது என்று ரேடியோவுக்கான சட்டமெல்லாம் அங்கே போட்டதுதான். அமலோற்பவம் கடையிலிருந்து வர நேரமாகும் என்பதால் அன்பியத்துக்கு வருவதில்லை. செபமாலையைப் பையில் போட்டுவிட்டு பிரகாசி எழுந்து நின்றாள்.

“எதுத்த வீட்டு ஸ்டேஷனை நிப்பாட்டணும்” என்றாள். “தனியா இருக்கிற பொம்பள. அவ மனசை ஆம்பளைகள்லாம் உக்காந்து கேக்காவ. நல்லாவா இருக்கு?”

“ஆம்பளைகள்னா யாரு?” என்றாள் பிலோமி, தெரியாதவள் மாதிரி.

எல்லோரும் பாயைப் பார்த்தோம். எங்களில் பாதிப் பேருக்கு அவள் நிலையத்தை நிறுத்தினால் தங்கள் எண்ணிக்கை கூடும் என்று ஆசை, மீதிப் பாதிக்கு அந்த முனகல் இல்லாமல் வெங்காயம் உரிக்க முடியாது. கொரைரா அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

“அவ மனசை நிப்பாட்ட நாம யாரு? வேணும்னா நீயே போய்க் கேளு பிரகாசி. அடுப்பை அணைச்சுப் போட்டு ஓட்டல்ல சாப்பிடச் சொல்லு.”

“கேக்கத்தான் போறேன்” என்றாள் பிரகாசி. “இல்லன்னா அந்தப் பெட்டியைக் கடல்ல தூக்கிப் போடுவேன். ரெண்டுல ஒண்ணு.”

மறுநாள் மத்தியானம், கடையைப் பூட்டி அமலோற்பவம் சாப்பிட வந்த நேரம் பார்த்து, பிரகாசி தெருவைக் கடந்தாள். கடப்பதற்கு எட்டு எட்டு வைத்தால் போதும், ஆனால் அந்த வீட்டு வாசலை அவள் மிதித்து ஒன்பது வருஷம் ஆகிறது என்று பாதித் தெருவில் வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள், அமலோற்பவம், நீ செய்யுறது நல்லாயில்ல, அமலோற்பவம், என் புருஷன் எனக்கு வேணும், என்று. கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து, கொஞ்சம் சத்தம் குறைத்து வைத்த ரேடியோவில், “அமலோற்பவம், நீ செய்யுறது நல்லாயில்ல, அமலோற்பவம், என் புருஷன் எனக்கு வேணும்” என்று அவள் குரலே வந்தது.

தன் நிலையத்தை பிரகாசி அன்றுவரை கேட்டதில்லை. குரல் இவ்வளவு கரகரப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் மனசு திடுக்கென்று நின்றது, ரேடியோவும் நின்றது.

அமலோற்பவம் தட்டில் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்து பார்த்தாள். அவசரப்பட்டு ரேடியோவை மறைக்கவுமில்லை, அணைக்கவுமில்லை.

“வாங்க மைனி. வாசல்லயே நிக்கீய.”

“இதை எத்தன நாளாக் கேக்க?”

“ஆடி மாசத்துலேர்ந்து. முதல்ல நம்பராத்தான் வந்திச்சு, அப்பயே கேப்பேன். அப்புறம் ஒருநாள் என் பேரு வந்திச்சு. ஒண்ணாம் நம்பர்ல போட்டு வச்சிட்டேன்.”

“அதுல முழுக்க உன்னை வையுதேன்லா.”

“ஆமா” என்றாள் அமலோற்பவம். “நல்லா வையுதீய.”

அமலோற்பவம் கையைக் கழுவிவிட்டு வந்து, மூலையில் அடுக்கியிருந்த பேப்பர்க் கட்டை நகர்த்தி, நாற்காலியை இழுத்துப் போட்டாள், பிரகாசி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“எங்கம்மா செத்த அன்னைக்கு என் பேரும் செத்துப்போச்சு மைனி. கடையில ஜெராக்ஸ், தெருவுல ஜெராக்ஸ். அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க ஓட்டுப் போடப் போனா லிஸ்டைப் பாத்து ஒருத்தன் படிப்பான், அதுவும் பாதியில நிப்பாட்டிருவான். நீங்க அப்படியில்ல. முழுசாச் சொல்லுதீய. காலைல நீங்க அடுப்புப் பத்தவைக்கும்போது என் பேரைச் சொல்லுவீய, அதுலதான் நான் கண்ணு முழிப்பேன். போன வாரம் நான் சாப்பாடு கொண்டுபோகல, உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். அன்னைக்கு, சாப்பிடாமச் சாவட்டும்னு வஞ்சீய.” அவள் சிரித்தாள். “இந்தப் பெட்டியைச் செல்போன்லயும் கேக்கலாம், கடையில உங்களைப் போட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உடனே பக்கத்துக் கடையில ரெண்டு இட்லி வாங்கித் தின்னேன்.”

“எங்க வீட்டுக்காரர் உன்னைத்தான் கேக்காவ. தெரியும்லா?”

“தெருவே கேக்கு. பாட்டைக் கேக்காவ, யாரு என்னைக் கேக்கா? உங்க வீட்டுக்காரர் இந்தப் பெட்டிய செட் பண்ண வந்து ரெண்டு மணி நேரம் இந்த நாற்காலியிலதான் இருந்தாவ. பெட்டியைத்தான் பாத்தாவ. போன மாசம் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தாவ, ரெண்டு பக்கமும் எடும்மான்னாவ, பேப்பரை வாங்கிட்டுப் போயிட்டாவ. நாந்தான் ஒண்ணாம் நம்பர்னு அவுகளுக்குத் தோணவேயில்ல.”

பிரகாசிக்குக் கோபம் வந்தது, இந்தத் தடவை யார் மேல் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அவளும் இரண்டு மணி நேரமாக இல்லை, நாலு மாதமாக, அதே மனிதர் முன்னால் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். எழுந்து வாசல் வரை வந்தாள். வந்த காரியத்தை அவள் சொல்லவே இல்லை.

“மைனி” என்று பின்னாலிருந்து அமலோற்பவம் கூப்பிட்டாள். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. “இப்ப நேர்ல பேசிட்டோம்லா. இனி நிப்பாட்டிருவீயளா?”

பிரகாசி விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள்.

சாயந்தரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கூடத்தில் கஸ்பார் நாற்காலியில் சாய்ந்து ஒன்றாம் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார், முனகல் ஏறிப்போய் இறங்கப்போகிற இடத்துக்கு வந்திருந்தது. அவள் வேண்டுமென்று நினைக்கவில்லை, மாதக்கணக்கில் வந்த பழக்கம், கை அரிசியில் இருக்க மனசு தானாக அமலோற்பவம் என்றது. என்றபின் அடுத்து வைய வேண்டிய இடத்தில் வைவதற்கு ஒன்றும் கிடைக்காமல், சாப்பிட்டியாட்டி என்றது.

ரேடியோவில் முனகல் நின்றது. “சாப்பிட்டேன் மைனி” என்றது ரேடியோ. “நீங்க?”

கஸ்பார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திருகைத் தட்டிப் பார்த்தார்.

இப்பதான் உலை வச்சிருக்கேன், சாளை மீன் இருக்கு, நாளைக்கு உனக்கும் தாரேன் என்று பிரகாசி உதடு அசையாமல் நினைத்தாள். முள்ளு எடுத்துத் தின்னத் தெரியாது மைனி என்றது ரேடியோ. பிரகாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அரிசித் தண்ணீர் சேலையில் சிந்தியது.

“இது யார்ட்ட பேசுது?” என்று கூடத்திலிருந்து கேட்டார் கஸ்பார்.

“எனக்கென்ன தெரியும்?”

மறுநாள் தெருவில் அதே கேள்விதான். எங்கள் தெருவில் மைனி இல்லாத வீடு கிடையாது, இருக்கிற மைனிகள் எல்லாம் நாந்தான், நாந்தான் என்று குழாயடியில் சொல்லிக்கொண்டார்கள், பிலோமி ஆணையிட்டே சொன்னாள். ஜெராக்ஸ் அக்கா மனசில் ஒரு மைனி இருக்கிறாள், அது நாமில்லை என்பது எங்களால் தாங்க முடியாமல் இருந்தது. அவளைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தோம், அவள் குடத்துக்கு இடம் விட்டோம், நான்கூட வரும்போது அவளுக்குக் கொஞ்சம் மக்ரூன் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரகாசி வாயைத் திறக்கவில்லை. அவள் நிலையத்தைப் பிடித்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும், எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை.

கஸ்பாருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. முனகல் இப்போது அடிக்கடி நின்றது, நடுநடுவே பதில் வந்தது, கழுத்து வலி குறைஞ்சிருக்கு மைனி, தைலம் தேய்ச்சேன், நீல சேலை கட்டல மைனி, நீங்க சொன்னீயல்லா, என்று யாருக்கோ, யாரோ ஒருத்தருக்கு. பாதிப் பேச்சுதான் அவருக்குக் கேட்டது. பாதிப் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று பிரகாசிக்குத் தெரியும், விட்டுவிட்டுக் கேட்கும் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஒரு நாள் காலையில், முதல் நிலையத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டு வந்தார், பிலோமி, கொரைரா, இருதயம், ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்ச நேரம் நின்று காதைக் கொடுத்துக் கேட்டு, அடுத்த வீட்டுக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து, நாற்பது நிலையத்தையும் முடித்து, ஒன்றாம் நம்பருக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். பிரகாசி மோர் கொண்டுவந்து வைத்தாள்.

“என்னத்தத் தேடுதீய?”

“ஒண்ணுமில்ல.” மோரை எடுக்காமல் இருந்தார். “ஒருத்தர் மனசுலயும் என் பேரு வரல பிரகாசி. நாற்பது வீடும் பாத்துட்டேன். இத்தன வீட்டுக்கும் நாந்தான் செட் பண்ணிக் குடுத்தேன்.”

அவள் மோரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“நம்ம வீட்டு ஸ்டேஷன்ல வருதா?” என்று கேட்டார். அவர் குரல் அப்படி இருந்து அவள் கேட்டதில்லை. “உன் மனசுல ஓடும்லா. அதுல நான் வருதேனா?”

இதைத்தான், இந்த ஒரு கேள்வியைத்தான் அவள் எத்தனையோ நாள் எண்ணிக் காத்திருந்தாள். வந்ததும் உடனே எடுத்துக் கொடுத்துவிட மனசு வரவில்லை.

“எனக்கு எப்படித் தெரியும்? நம்ம ஸ்டேஷன்தான் நம்ம வீட்டுல கேக்காதே. எதுத்த வீட்டுல போய்க் கேளுங்க.”

கஸ்பார் எழுந்து சட்டையை மாட்டினார், பொத்தானை மாற்றிப் போட்டு, அவிழ்த்து மறுபடி போட்டார், செருப்பைத் தேடினார், படியிறங்கித் தெருவைக் கடந்து, அந்தச் செம்பருத்திக்குப் பக்கத்தில் போய், கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பிரகாசி ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்தாள். முதுகு கொஞ்சம் கூனிப்போயிருந்தது, சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

வந்து கேட்டா, வருதுன்னு சொல்லிராதட்டி அமலோற்பவம், என்று நினைத்தாள். கொஞ்ச நாள் அவுகளும் எண்ணிக்கிட்டு இருக்கட்டும்.

கூடத்தில் அவர் எழுந்துபோன நாற்காலிக்கு முன்னால், ரேடியோ முனகுவதை நிறுத்தியது.

“சொல்ல மாட்டேன் மைனி” என்றது.